கூடைப்பந்து வரலாறு – 19: மைக்கேல் ஜோர்டனின் ஊதியமும் உரிமையும்

மைக்கேல் ஜோர்டன் என்.பி.ஏ. லீக்கில் 15 சீசன்கள் ஆடினார். அணிகளிடமிருந்து அவர் பெற்ற சம்பளம் முழுவதையும் கூட்டினால் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் டாலர் வரும். 2023இல் ஃபோர்ப்ஸ் இதழ் அமெரிக்காவின் 400 பெரும் பணக்காரர்களின் பட்டியலில் அவரைச் சேர்த்தபோது, அவருடைய சொத்து மதிப்பை 300 கோடி டாலர் என்று கணித்தது. தொழில்முறை விளையாட்டு வீரர் ஒருவர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. வாழ்நாள் சம்பளத்தைவிடச் சொத்து முப்பது மடங்கு பெரிது. ஒரு வீரரின் வருமானம் அணி தரும் கூலியிலிருந்து விலகி, அவருடைய பெயரின் மீதான உரிமைக்கும் வணிகத்தில் அவருக்குள்ள பங்குக்கும் இடம்பெயர்ந்ததன் விளைவு இது. அந்த இடப்பெயர்ச்சியைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் ஜோர்டன்.

வில்மிங்டனிலிருந்து சிகாகோவுக்கு

ஜோர்டன் 1963 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஜேம்ஸ் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலும், தாய் டெலோரிஸ் வங்கியிலும் வேலை பார்த்தனர். லேனி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தபோது பள்ளியின் முதன்மை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை; இளையோர் அணியில் சேர்க்கப்பட்டார். அடுத்த ஓராண்டுக்குள் உயரமும் கூடியது, ஆட்டமும் கூடியது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் அவரைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார்.

1982இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த கல்லூரிகளுக்கான தேசிய இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுன் அணியை வட கரோலினா 63-62 என்று வென்றது. வெற்றிக்கான கடைசிக் கூடையை எய்தவர் முதலாமாண்டு மாணவரான ஜோர்டன். 1984 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியுடன் தங்கம் வென்றார். அதே ஆண்டின் என்.பி.ஏ. வீரர் தேர்வில் ஹூஸ்டன் அணி ஹகீம் ஒலாஜுவானையும், போர்ட்லாந்து அணி சாம் போவியையும் எடுத்த பிறகு, மூன்றாவதாகச் சிகாகோ புல்ஸ் அணி ஜோர்டனைத் தேர்ந்தெடுத்தது. முதல் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.2 புள்ளிகள் எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமானார். முந்தைய சீசனில் பாதி அரங்குகூட நிரம்பாத சிகாகோவில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது.

உச்சவரம்பு பிறந்த ஆண்டு

ஜோர்டன் லீக்கில் கால்வைத்த 1984-85 சீசனில்தான் இன்றைய வடிவிலான சம்பள உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்.பி.ஏ. அணிகள் பல நஷ்டத்தில் ஓடின. 1980, 1981 இறுதித் தொடர்களின் ஆட்டங்கள் சிலவற்றைச் சி.பி.எஸ். தொலைக்காட்சி நேரலையாகக் காட்டாமல், பதிவு செய்து பின்னிரவில் ஒளிபரப்பும் நிலை இருந்தது. மறுபுறம், ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் நடந்த வழக்கு 1976இல் சமரசமாக முடிந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போகும் வழி திறந்திருந்தது. வீரர்களுக்கான போட்டி கூடக்கூடச் சம்பளம் ஏறியது.

1983இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். லீக்கின் மொத்த வருவாயில் 53 சதவீதம் வீரர்களுக்கு உறுதி செய்யப்பட்டது. அதற்கு ஈடாக ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு எல்லை வகுக்கப்பட்டது. முதல் ஆண்டின் எல்லை 36 லட்சம் டாலர். அந்த எல்லையில் ஒரு வாசலும் வைக்கப்பட்டது: தன்னிடம் ஏற்கெனவே ஆடிவரும் வீரரைத் தக்கவைத்துக்கொள்ள ஓர் அணி எல்லையை மீறிச் செலவிடலாம். பாஸ்டன் செல்டிக்ஸின் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இது 'பேர்டு விதிவிலக்கு' என்று வழங்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த வாசல் வழியாகத்தான் ஜோர்டனின் மிகப்பெரிய சம்பளம் வந்தது.

ஜோர்டனின் முதல் ஒப்பந்தம் ஏழாண்டுகளுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர். முதல் சீசனுக்குரிய சம்பளம் 5 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஒரு புதுமுகத்துக்கு அது நல்ல தொகை. ஆனால் நீண்டகால ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. தொலைக்காட்சி வருவாய் உயர உயர லீக்கின் சம்பளங்கள் ஏறிக்கொண்டே போகும். கையெழுத்திட்டவரின் தொகை அப்படியே நிற்கும்.

அந்த ஒப்பந்தத்தில் பணத்தோடு தொடர்பில்லாத ஒரு பிரிவும் இருந்தது. ஒப்பந்தத்தில் உள்ள வீரர் சீசன் இல்லாத மாதங்களில் அணியின் அனுமதியின்றிக் கூடைப்பந்து ஆடக் கூடாது என்பது லீக்கின் வழக்கமான நிபந்தனை. காயம்பட்டால் நஷ்டம் அணிக்கு என்பது காரணம். ஜோர்டன் எங்கே, எப்போது வேண்டுமானாலும் ஆடலாம் என்று அவருடைய ஒப்பந்தம் தனியாக அனுமதித்தது. 'ஆட்டத்தின் மீதான காதல்' பிரிவு என்று அது பெயர் பெற்றது. தெருமுனை மைதானத்தில் நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தாலும் அவர் இறங்கி ஆடலாம். அணி கேள்வி கேட்க முடியாது. தன் உடல்மீதான உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய அதே மாதங்களில், தன் பெயர்மீதான உரிமைக்கும் அவர் ஒரு பேரத்தில் இறங்கினார்.

ஒரு ஷூவும் ஒரு பங்கும்

ஷூ நிறுவனங்கள் கூடைப்பந்து வீரர்களுக்குப் பணம் கொடுப்பது 1984இல் புதிதல்ல. நியூயார்க் நிக்ஸ் வீரர் வால்ட் ஃபிரேஸியரின் பட்டப்பெயரில் 'கிளைட்' என்ற ஷூவைப் பூமா நிறுவனம் 1973இலேயே விற்றது. இருந்தாலும் பெரும்பாலான வீரர்களுக்குக் கிடைத்தது நிறுவனம் கொடுக்கும் ஷூவை மாட்டிக்கொள்வதற்கான கட்டணம் மட்டுமே. சந்தையில் முன்னணியில் இருந்த கான்வெர்ஸ் நிறுவனத்திடம் மேஜிக் ஜான்சன், லாரி பேர்டு, ஜூலியஸ் எர்விங் ஆகிய மூவரும் இருந்தனர். அவர்களுக்கு மேலே ஒரு புதுமுகத்தை வைக்க அந்நிறுவனம் தயாராக இல்லை. ஜோர்டனுக்குப் பிடித்திருந்தது அடிடாஸ்; அங்கிருந்து பொருத்தமான அழைப்பு வரவில்லை.

ஜோர்டனின் முகவர் டேவிட் ஃபால்க், டென்னிஸ் வீரர்களைப் பெருமளவில் கையாண்டுவந்த புரோசர்வ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டென்னிஸில் வீரர் தனியாள். அவர் பெயரிலேயே ராக்கெட்டும் ஆடையும் விற்பது அங்கே சாதாரணம். அணி விளையாட்டில் ஆடும் ஒருவரையும் அப்படியே நடத்த வேண்டும் என்று ஃபால்க் கேட்டார். அதற்குச் செவிசாய்த்தது நைக்கி. ஓட்டப் பயிற்சி மீதான அமெரிக்க மோகம் தணிந்து, விற்பனை மந்தப்பட்டிருந்த நேரம் அது. கூடைப்பந்தில் வலுவான இடம் இல்லாத அந்த நிறுவனத்துக்கு ஒரு புதுமுகத்தின்மீது துணிந்து பணம் கட்டக் காரணம் இருந்தது. நிறுவனத்தின் சன்னி வக்காரோ, ராப் ஸ்ட்ராசர், வடிவமைப்பாளர் பீட்டர் மூர் ஆகியோர் திட்டத்தை முன்னெடுத்தனர். ஆரெகன் மாநிலத்தின் பீவர்ட்டனில் உள்ள நைக்கி அலுவலகத்துக்குப் போகவே ஜோர்டனுக்கு விருப்பமில்லை. போய் என்ன சொல்கிறார்கள் என்றாவது கேள் என்று வற்புறுத்தி அனுப்பியவர்கள் பெற்றோர்தாம்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். புல்ஸ் அணி தரும் சம்பளத்தை அது நெருங்கியது. அவர் பெயரில் தனி ஷூ வரிசை, அந்த வரிசையின் விற்பனையில் ஒரு பங்கு ஆகியவையும் அதில் இருந்தன. பெயர் ஃபால்க்கின் யோசனை: நைக்கியின் காற்றுப் பை தொழில்நுட்பத்தையும், கூடைக்கருகே காற்றில் மிதப்பதுபோல் எழும் ஜோர்டனின் ஆட்டத்தையும் இணைத்து 'ஏர் ஜோர்டன்'.

மூர் வடிவமைத்த ஷூ சிவப்பும் கறுப்பும் கலந்தது. ஒரே அணியின் வீரர்கள் ஒத்த நிறமுள்ள ஷூ அணிய வேண்டும் என்பது லீக்கின் அப்போதைய விதி. சிவப்பும் கறுப்புமாக ஜோர்டன் அணிந்த ஷூ விதிக்குப் புறம்பானது என்று 1985 பிப்ரவரியில் என்.பி.ஏ. நைக்கிக்குக் கடிதம் எழுதியது. நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கியது. 1985 ஏப்ரலில் 65 டாலர் விலையில் கடைகளுக்கு வந்த ஏர் ஜோர்டன், ஓராண்டுக்குள் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது. நைக்கி எதிர்பார்த்தது நான்காம் ஆண்டின் முடிவில் 30 லட்சம் டாலர் விற்பனை.

மைதானத்தில் ஏழாண்டுக் காத்திருப்பு

ஷூ விற்றதென்பதற்காகக் கோப்பை வந்துவிடவில்லை. 1985-86இல் மூன்றாவது ஆட்டத்திலேயே ஜோர்டனின் பாத எலும்பு முறிந்தது. 64 ஆட்டங்களை இழந்தார். முழுமையாகக் குணமாகும் முன் ஆடினால் ஆட்ட வாழ்க்கையே முடியலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர், நிர்வாகம் தயங்கியது. ஜோர்டன் பிடிவாதமாகத் திரும்பினார். 1986 ஏப்ரல் 20 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் நடந்த பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நீக்கல் சுற்று) ஆட்டத்தில் 63 புள்ளிகள் எடுத்தார். இரண்டு கூடுதல் நேரங்கள் வரை நீண்ட அந்த ஆட்டத்தில் புல்ஸ் தோற்றது. ஆனால் ஒரே பிளேஆஃப் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிகபட்சப் புள்ளிகள் என்ற சாதனை இன்றும் அதுவே.

1986-87இல் ஆட்டத்துக்குச் சராசரி 37.1 புள்ளிகள். 1987-88இல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் ஒரே சீசனில் பெற்றார். ஆனாலும் 1988, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி பிளேஆஃபில் புல்ஸை வெளியேற்றியது. ஜோர்டன் ஒருவரை மூன்று பேர் சூழ்ந்து இடித்துத் தடுத்தால் சிகாகோவின் ஆட்டம் நின்றுவிடும் என்பது பிஸ்டன்ஸின் கணக்கு. 1989இல் பயிற்சியாளரான ஃபில் ஜாக்சன், துணைப் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டர் வகுத்த முக்கோணத் தாக்குதல் முறையைக் கொண்டுவந்தார். பந்து ஐந்து பேரிடமும் சுழன்றது. சக வீரர் ஸ்காட்டி பிப்பன் முழு ஆட்டக்காரராக வளர்ந்தார். 1991இல் மேஜிக் ஜான்சனின் லேக்கர்ஸ் அணியை 4-1 என வென்று புல்ஸ் முதல் கோப்பையைப் பெற்றது. 1992இல் போர்ட்லாந்து, 1993இல் ஃபீனிக்ஸ் என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கோப்பை சிகாகோவுக்கே வந்தது. இடையே 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 'கனவு அணி' ஆடியபோது, ஜோர்டனின் முகம் உலகின் எல்லாத் தொலைக்காட்சிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

சந்தைக்குக் கீழே ஒரு சம்பளம்

1988இல் புல்ஸ் ஜோர்டனுடன் எட்டாண்டுகளுக்கு ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் டாலருக்குப் புதிய ஒப்பந்தம் செய்தது. கையெழுத்திட்ட நாளில் அது பெரிய தொகை. 1989இல் என்.பி.சி. தொலைக்காட்சி நான்காண்டுகளுக்கு 60 கோடி டாலர் கொடுத்து ஒளிபரப்பு உரிமையை வாங்கியபின் லீக்கின் வருவாய் வேகமாக உயர்ந்தது. வருவாயோடு உச்சவரம்பும், உச்சவரம்போடு மற்றவர்களின் சம்பளமும் ஏறின. 1995-96இல் புல்ஸ் 72 ஆட்டங்களில் வென்று 10இல் மட்டுமே தோற்றது. அந்த அணியின் தலைவரான ஜோர்டனின் சம்பளம் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். நிக்ஸின் பேட்ரிக் யூயிங் அதே சீசனில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் பெற்றார்.

நீண்டகால ஒப்பந்தத்தின் சுமை பிப்பனின்மீது இன்னும் கடுமையாக விழுந்தது. வறுமையில் வளர்ந்து, பெரிய குடும்பத்தின் பொறுப்பைச் சுமந்த அவர், உறுதியான வருமானம் வேண்டும் என்று 1991இல் நீண்டகாலத்துக்குக் கையெழுத்திட்டார். 1997-98இல் அவர் சம்பளம் 27 லட்சத்து 75 ஆயிரம் டாலர். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான பிப்பன், அந்த ஆண்டு லீக்கின் சம்பளப் பட்டியலில் 122ஆவது இடத்திலும், சொந்த அணியிலேயே ஆறாவது இடத்திலும் இருந்தார். ஜோர்டனும் சந்தை விலைக்குக் கீழேதான் ஆடினார். ஆனால் அவருக்குக் கைகொடுக்க ஷூ வருமானம் இருந்தது. பிப்பனுக்கு அந்த அளவு எதுவும் இல்லை. அணிக்கு வெளியே வருமானம் உள்ள வீரர் பேரத்தில் பொறுத்திருக்க முடியும் என்பதை இந்த இருவரின் நிலையும் காட்டுகிறது.

1990களின் தொடக்கத்தில் ஜோர்டனின் வெளி வருமானம் அணிச் சம்பளத்தைப் பல மடங்கு தாண்டிவிட்டது. மெக்டொனால்ட்ஸ், ஹேன்ஸ், வீட்டிஸ் என்று நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 1991இல் கேட்டரேட் பானம் அவரைப்போல் ஆக ஏங்கும் சிறுவர்களை வைத்து எடுத்த விளம்பரம் நாடெங்கும் பரவியது. எல்லா வீரர்களின் பெயரையும் படத்தையும் லீக் மொத்தமாக விற்கும் கூட்டு உரிமத் திட்டத்திலிருந்தும் ஜோர்டன் விலகினார். அதனால் அந்தப் பத்தாண்டில் புகழ்பெற்ற கூடைப்பந்து வீடியோ கேம்களில் பலவற்றில் லீக்கின் முதல் நட்சத்திரம் மட்டும் இல்லை. தன் பெயரைத் தனியாக விற்றால் அதன் விலை அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விலகலும் மீட்சியும்

1993 ஜூலையில் தந்தை ஜேம்ஸ் கொலை செய்யப்பட்டார். அக்டோபர் 6 அன்று ஜோர்டன் ஓய்வை அறிவித்தார். அப்போது வயது 30. தந்தைக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனார். 1994இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் ஆடினார். பந்தடிச் சராசரி .202, திருடிய தளங்கள் 30. அந்த அணி சிகாகோ ஒயிட் சாக்ஸின் கிளை அணி. ஒயிட் சாக்ஸ், புல்ஸ் இரண்டுக்கும் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். ஜோர்டன் கூடைப்பந்து ஆடாத அந்தக் காலத்திலும் அவருடைய கூடைப்பந்துச் சம்பளத்தை ரைன்ஸ்டார்ஃப் கொடுத்துவந்தார். குறைந்த விலைக்குக் கிடைத்த ஆண்டுகளுக்கு அணி காட்டிய நன்றி என்று அதைச் சொல்லலாம்.

1995 மார்ச் 18 அன்று தான் திரும்பிவிட்டதாக ஒரே வரியில் அறிக்கை விட்டார். மறுநாள் இண்டியானாபோலிஸில் ஆடினார். 1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மீண்டும் கோப்பை. சியாட்டிலை ஒருமுறையும், யூட்டாவை இருமுறையும் இறுதித் தொடரில் புல்ஸ் வென்றது. ஆறு இறுதித் தொடர்களிலும் சிறந்த வீரர் விருது ஜோர்டனுக்கே.

மூன்று கோடி டாலர் சம்பளம்

1988 ஒப்பந்தம் 1996 கோடையில் முடிந்தது. முதன்முறையாக எந்த அணிக்கும் போகும் சுதந்திரத்துடன் ஜோர்டன் பேரத்தில் அமர்ந்தார். ஓராண்டு ஒப்பந்தமாக 3 கோடியே 1 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் புல்ஸ் கையெழுத்திட்டது. 1996-97இல் ஓர் அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 43 லட்சம் டாலர்தான். பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்கு வகுத்த எல்லையை ஒரே ஆள் தாண்டினார். பேர்டு விதிவிலக்கு இருந்ததால் இது சட்டப்படி செல்லும். அடுத்த ஆண்டு 3 கோடியே 31 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அப்போதும் உச்சவரம்பு 2 கோடியே 69 லட்சம்தான். ஜோர்டனின் வாழ்நாள் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டே சீசன்களில் வந்தது.

அந்தத் தொகைக்கு லீக்கின் கணக்கில் நியாயம் இருந்தது. 1998 ஜூன் 14 அன்று சால்ட் லேக் சிட்டியில் யூட்டாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் புல்ஸ் 87-86 என்று வென்றது. கடைசி நிமிடத்தில் யூட்டா வீரர் கார்ல் மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, எதிர்முனைக்கு ஓட்டிச் சென்று, 5.2 நொடிகள் மீதமிருக்கையில் வெற்றிக் கூடையை எய்தவர் ஜோர்டன். அமெரிக்காவில் அந்த ஆட்டத்தை ஏறத்தாழ 3 கோடியே 59 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தனர். வேறெந்த என்.பி.ஏ. ஆட்டத்துக்கும் அத்தனை பார்வையாளர்கள் இருந்ததில்லை. என்.பி.சி., டர்னர் ஆகிய இரு நிறுவனங்களும் 1997இல் நான்காண்டு ஒளிபரப்பு உரிமைக்காக ஒப்புக்கொண்ட தொகை 264 கோடி டாலர். நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி, ஷூ, விளம்பரம், திரைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து ஜோர்டனால் அமெரிக்கப் பொருளாதாரத்தில் விளைந்த பணம் 1,000 கோடி டாலர் என்று ஃபார்ச்சூன் இதழ் 1998 ஜூனில் கணக்கிட்டது.

உரிமையாளர்கள் வேறொரு கணக்குப் போட்டனர். 1997இல் மினசோட்டா அணி, 21 வயதான கெவின் கார்னெட்டுக்கு ஆறாண்டுகளுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இப்படியே போனால் அணிகள் தாங்காது என்று சொல்லி, 1998 ஜூலை 1 அன்று லீக் கதவடைப்பை அறிவித்தது. பேச்சுவார்த்தை ஒன்றில் ஜோர்டனும் கலந்துகொண்டார். லாபம் பார்க்க முடியாதவர் அணியை விற்றுவிட வேண்டியதுதானே என்று வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஏப் போலினிடம் அவர் நேருக்கு நேராகக் கேட்டார். 1999 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. அந்த சீசன் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அணிக்கு மட்டும் இருந்த எல்லை இப்போது ஒவ்வொரு வீரருக்கும் வந்தது. பத்தாண்டுக்கு மேல் ஆடியவருக்கும் புதிய ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் பொதுவாக 1 கோடியே 40 லட்சம் டாலர்தான் உச்சம். ஜோர்டன் வாங்கிய சம்பளத்தில் இது பாதிக்கும் குறைவு. 1999 ஜனவரி 13 அன்று அவர் மீண்டும் ஓய்வை அறிவித்தார். அவர் விட்டுச்சென்ற 3 கோடியே 31 லட்சம் டாலர் சாதனை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது. 2017-18 சீசனில்தான் ஸ்டீஃபன் கரி அதைக் கடந்தார்.

பெயரின் விலை

சம்பளத்துக்கு லீக் எல்லை கட்டிய அதே காலத்தில் எல்லையற்ற வருமானம் வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1987 வாக்கில் மூரும் ஸ்ட்ராசரும் நைக்கியை விட்டு விலகியபோது ஜோர்டனும் போய்விடுவார் என்ற அச்சம் எழுந்தது. அவரைத் தக்கவைத்தது டிங்கர் ஹாட்ஃபீல்ட் வடிவமைத்து 1988இல் வெளிவந்த ஏர் ஜோர்டன் 3. யானைத்தோல் போன்ற சுருக்கங்கள் அச்சிட்ட விளிம்பு. குதிகாலடியில் காற்றுப் பை வெளியே தெரியும்படி ஒரு சிறு ஜன்னல். நாக்குப் பகுதியில் கால்களை அகல விரித்துப் பந்தை உயர்த்திப் பாயும் மனிதனின் நிழலுரு. அந்த நிழலுருதான் பின்னர் நைக்கியின் சின்னத்துக்குப் பதிலாகவே நிற்கும் அளவுக்கு வளர்ந்தது. 1997இல் நைக்கி 'ஜோர்டன்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. அவர் ஆட்டத்தை விட்டு இருபது ஆண்டுகள் ஆன பின்னும் விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது. 2023 நிதியாண்டில் அந்தப் பிரிவின் வருவாய் ஏறத்தாழ 660 கோடி டாலர்.

இந்த வளர்ச்சிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1990களில் இந்தோனேசியா, வியட்நாம் போன்ற நாடுகளில் நைக்கிக்கு ஷூ தைத்துக் கொடுத்த தொழிற்சாலைகளில் கூலி குறைவாகவும் வேலைச்சூழல் மோசமாகவும் இருந்ததைத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் அம்பலப்படுத்தின. விற்பனையில் பங்கு பெறும் ஜோர்டனிடமும் கேள்வி எழுந்தது. பிரச்சினையைப் பேச அவர் முன்வரவில்லை என்று கடும் விமர்சனம் வந்தது. 1998 மேயில் நைக்கியின் நிறுவனர் ஃபில் நைட், ஷூ தொழிற்சாலைகளில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயதை 18 ஆக உயர்த்துவதாகவும் சூழலைச் சீர்படுத்துவதாகவும் அறிவிக்க வேண்டியதாயிற்று.

பெயரைக் காக்க ஜோர்டன் நீதிமன்றப் படியும் ஏறினார். 2009இல் சிகாகோவின் டொமினிக்ஸ் பல்பொருள் அங்காடி அவர் அனுமதியின்றி அவர் பெயரைப் பயன்படுத்தி ஓர் இதழில் விளம்பரம் செய்தது. 2015இல் நடுவர் குழு அவருக்கு 89 லட்சம் டாலர் இழப்பீடு அளித்தது. அந்தப் பணத்தைச் சிகாகோவின் அறப்பணிகளுக்குக் கொடுத்தார். சீனாவில் அவர் பெயரின் சீன ஒலிப்பை வணிகச் சின்னமாகப் பதிந்து தொழில் நடத்திய நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், 2016இல் சீன உச்ச நீதிமன்றம் சீன எழுத்துகளில் அமைந்த பெயர் தொடர்பாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சம்பளம் வாங்கியவர் முதலாளியானது

2000 ஜனவரியில் ஜோர்டன் வாஷிங்டன் விசார்ட்ஸ் அணியில் சிறு பங்குதாரராகவும் கூடைப்பந்துப் பிரிவின் தலைவராகவும் சேர்ந்தார். கதவடைப்பின்போது அவரோடு வாக்குவாதம் செய்த ஏப் போலினின் அணி அது. 2001இல் மீண்டும் ஆட முடிவெடுத்தார். லீக் விதிப்படி ஆடும் வீரர் அணியின் பங்கை வைத்திருக்கக் கூடாது. பங்கை விற்றுவிட்டு ஆடினார். அந்த ஆண்டின் சம்பளமான 10 லட்சம் டாலரைச் செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டோருக்கான நிவாரணத்துக்கு வழங்கினார். 2003 ஏப்ரல் 16 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கடைசி ஆட்டம். 1,072 ஆட்டங்கள், 32,292 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 30.1. ஆட்டம் முடிந்த சில வாரங்களில் போலின் அவரை நிர்வாகத்திலிருந்து விலக்கினார்.

2006இல் சொந்த மாநிலத்தின் சார்லட் பாப்கேட்ஸ் அணியில் சிறு பங்கு வாங்கினார். 2010இல் அணியின் மொத்த மதிப்பு 27 கோடியே 50 லட்சம் டாலர் என்ற கணக்கில் பெரும்பங்கைக் கையகப்படுத்தினார். என்.பி.ஏ. அணியொன்றின் பெரும்பங்கு உரிமையாளரான முதல் முன்னாள் வீரர் அவர். ஆட்டத்தில் அந்த அணி சோபிக்கவில்லை. 2011-12இல் 7 வெற்றி, 59 தோல்வி. லீக் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெற்றி விகிதம் அது. 2014இல் ஹார்னெட்ஸ் என்று பெயர் மாறியது. அவர் உரிமையில் இருந்த காலம் முழுவதும் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட அந்த அணி வெல்லவில்லை. 2011 கதவடைப்பின்போது வீரர்களின் பங்கைக் குறைக்க வேண்டும் என்று கறாராக நின்ற உரிமையாளர்களில் ஜோர்டனும் ஒருவர். 1998இல் மேசையின் மறுபக்கம் இருந்தவர் என்பதால் வீரர்கள் அதைக் கசப்போடு பார்த்தனர். 2023இல் ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்பில் பெரும்பங்கை விற்று, சிறு பங்கை மட்டும் வைத்துக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகளில் அணியின் மதிப்பு பத்து மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. தோற்றுக்கொண்டே இருந்த அணியும் விலை ஏறியதற்குக் காரணம், லீக்கின் ஒளிபரப்பு வருவாய் எல்லா அணிகளுக்கும் பங்கிடப்படுவதே.

ஜோர்டன் வகுத்த வழி

ஜோர்டனின் பணம் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தது: ஆட்டச் சம்பளம், பெயரின் பங்கு, அணியின் உரிமை. மூன்றிலும் சிறியது சம்பளம். அதற்கு ஒப்பந்தக் காலமும் உச்சவரம்பும் எல்லை வகுத்தன. 40 வயதில் அது நின்றது. மற்ற இரண்டும் அவர் ஓய்வுபெற்ற பிறகும் பெருகின. ஆனால் சம்பளம் கொடுத்த மைதானத்தில் ஆறு கோப்பைகளும் பத்து முறை அதிகப் புள்ளி வீரர் என்ற தகுதியும் ஐந்து மதிப்புமிக்க வீரர் விருதுகளும் இல்லாமல் அந்தப் பெயருக்கு விலை வந்திருக்காது.

அடுத்த தலைமுறை இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. லெப்ரான் ஜேம்ஸ் 2015இல் நைக்கியுடன் வாழ்நாள் ஒப்பந்தம் செய்தார். 2022இல் அவர் 100 கோடி டாலர் சொத்தை எட்டியதாக ஃபோர்ப்ஸ் கணித்தபோது, ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்த நிலையை அடைந்த முதல் என்.பி.ஏ. வீரரானார். நீண்டகாலத்துக்குக் கட்டுப்பட்டுப் பின்தங்கும் ஜோர்டன், பிப்பன் அனுபவம் மீண்டும் நேராதபடி, ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களாகவும் அவர் கையெழுத்திட்டார். லீக்கின் முன்னணி வீரர்கள் இன்று ஒரே ஆண்டில் 5 கோடி டாலருக்கு மேல் சம்பளம் பெறுகிறார்கள். உயர்ந்த சம்பளத்துக்கு அடித்தளம் ராபர்ட்சன் வழக்கும் 1983 உடன்பாடும்; சம்பளத்துக்கு வெளியே ஒரு வீரர் தன் பெயரைச் சொத்தாக்கலாம் என்ற நடைமுறையை நிலைநிறுத்தியது 1984 ஷூ ஒப்பந்தம்.

(தொடரும்)